புளிக்காய்ச்சல் ஓசூரில் இறங்கிவிடும்

குழு: மூணு வீடும் ஒண்ணு

ஞாயிறு

ஓசூர் அண்ணி: டிக்கெட் போட்டாச்சு. செவ்வாய்க்கிழமை, பெங்களூரு வொண்டர்லா தீம் பார்க். பெரியவர்கள் பத்து, குட்டி ஒன்று. சனி, ஞாயிறில் போனால் பாதி நாள் வரிசையிலேயே போய்விடும், அதனால்தான் வாரநாளில் போட்டேன்.

பெரியம்மா: நல்லதும்மா. நாளை ராத்திரியே புளிக்காய்ச்சல் காய்ச்சி வைத்துவிடுகிறேன். விடியற்காலை சாதம் வடித்துக் கிளறினால் ஆச்சு. ஐம்பது இட்லி. தயிர்சாதம் ஒரு தூக்கு. உருளைக்கிழங்கு வறுவல். தங்கச்சி, நீ என்ன செய்கிறாய்?

சித்தி: தேங்காய் சாதம் செய்யட்டுமா அக்கா? முறுக்கு ஒரு டின் நிறைய இருக்கிறது.

ஓசூர் அண்ணி: அத்தை, சின்னத்தை, ஒரு நிமிடம். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். வாசலிலேயே பையைப் பார்ப்பார்கள். கைக்குழந்தைக்கான சாப்பாடு, மருந்து மாதிரி விஷயங்களுக்குத்தான் விலக்கு.

பெரியம்மா: அவ்வளவு காசு கொடுத்துப் போகிறோம், நம் சோற்றை நாம் தின்னக்கூடாதா?

சித்தப்பா: அண்ணி, கவலைப்படாதீர்கள். அடியில் டப்பா, மேலே துண்டு. நான் கொண்டுவருகிறேன்.

அண்ணன்: வேண்டாம் சித்தப்பா. வரிசையில் அத்தனை பேர் பார்க்கப் புளியோதரை டப்பாவை எடுத்து வெளியே வைப்பார்கள். தேவையா?

பெரியம்மா: அப்போ சமைக்கவே வேண்டாம் என்கிறாயா?

ஓசூர் அண்ணி: அப்படி இல்லை அத்தை. சாப்பாடு வழிக்கு வேண்டும், உள்ளேதான் வேண்டாம். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டிவிடுங்கள், ஓசூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். காலையில் வயிறு நிறைந்தால் உள்ளே மதியம் ஒரு வேளை வாங்கினால் போதும். தயிர்சாதமும் தேங்காய் சாதமும் வேண்டவே வேண்டாம். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் நாளெல்லாம் கிடந்தால் சாயங்காலம் திறக்கும்போதே வாடை சொல்லிவிடும்.

பெரியம்மா: புளியோதரை கெடாதே.

ஓசூர் அண்ணி: புளிக்காய்ச்சல் கெடாது அத்தை. சாதம் கலந்தபிறகு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. காலையில் வரும்போதே புளிக்காய்ச்சல் பாட்டிலை எங்கள் வீட்டில் இறக்கிவிடுங்கள். ராத்திரி திரும்பி வந்ததும் குக்கரில் சாதம் வைத்தால் அரை மணியில் சுடச்சுடப் புளியோதரை. வறுத்த வேர்க்கடலை மட்டும் தனியாகக் கட்டுங்கள், நமுத்துப்போகும்.

பெரியம்மா: ம்.

நான்: பெரியம்மா "ம்" என்றால் சம்மதம் என்று அர்த்தம்.

சித்தி: முறுக்கு?

ஓசூர் அண்ணி: காரில் இருக்கட்டும் சின்னத்தை. திரும்பி வரும்போது பசிக்கு அதுதான் முதலில் காலியாகும்.

அம்மா: நான் சேலையில்தான் வருவேன். தண்ணீரில் இறங்குகிற உத்தேசம் இல்லை.

ஓசூர் அண்ணி: எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். அலைக்குளத்தில் முதல் அலை வரும்போது கரையில் நின்று பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரத்தில் முழங்கால்வரை இறங்கியிருப்பார்கள். எதற்கும் ஒரு செட் பையில் இருக்கட்டும். சேலை, துப்பட்டா போட்ட சுடிதார், காட்டன் நைட்டி, ஜீன்ஸ் எதையும் தண்ணீர் விளையாட்டுக்கு விடமாட்டார்கள். நைலான் அல்லது பாலியஸ்டர்தான் வேண்டும்.

பெரியப்பா: காட்டன்தானே உடம்புக்கு நல்லது?

ஓசூர் அண்ணி: வெயிலுக்கு நல்லது மாமா, குளத்துக்கு இல்லை. காட்டன் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், காலில் சுற்றும். சாயம் விடும், நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும். ஜீன்ஸில் இருக்கிற உலோகக் குமிழும் ஜிப்பும் சறுக்கு மரத்தைக் கீறிவிடும்.

தம்பி: அண்ணி, என் புட்பால் ஜெர்சி?

ஓசூர் அண்ணி: அதுதான் சரி. கழுத்துப் பட்டியில் லேபிளைப் பார், 100% பாலியஸ்டர் என்று இருக்கும். கீழே உள் நாடா வைத்த ஷார்ட்ஸ். ஜிப் வைத்த பாக்கெட் இருந்தால் வேறு எடு.

சித்தி: எங்களுக்கு?

ஓசூர் அண்ணி: முழங்கால் தாண்டுகிற நைலான் லெக்கிங்ஸ், மேலே முழுக்கை டீ-ஷர்ட், விளையாட்டுத் துணிக் கடையில் கிடைக்கும். அடர் நிறமாகப் பாருங்கள் சின்னத்தை, வெளிர் நிறம் நனைந்தால் ஒட்டிக்கொண்டு சங்கடம். உள்ளேயும் கடை இருக்கிறது, ஆனால் பதினொரு பேருக்கு அங்கே வாங்கினால் டிக்கெட் காசு மாதிரி இன்னொன்று ஆகிவிடும். சேலத்திலோ தருமபுரியிலோ நாளை வாங்கிவிடுங்கள்.

அம்மா: தாலிக்கொடியை என்ன செய்வது?

பெரியம்மா: அதையெல்லாம் கழற்றக்கூடாது.

சித்தி: அக்கா, ஐந்து பவுன். சறுக்கில் வரும் வேகத்தில் கொக்கி விட்டுவிட்டால் அந்தத் தண்ணீரில் எங்கே தேடுவது? எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படித்தான் தோடு போனது, எந்த ஊர்ப் பார்க் என்று கேட்காதீர்கள், இன்றுவரை வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் சண்டை.

ஓசூர் அண்ணி: நான் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்வேன் அத்தை. கொடி வீட்டு பீரோவில். தோடு, மூக்குத்தி, வளையல், மெட்டி எல்லாமே. லாக்கரில் வைக்கலாம் என்று கொண்டுவரவும் வேண்டாம், நாள் முழுக்க மனசு அதிலேயே இருக்கும்.

பெரியம்மா: மஞ்சள் கயிறு என்றால் சரி. நாளைக்கு நாள் எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன், எல்லோரும் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன்: என்ன அப்பா அழித்தீர்கள்?

பெரியப்பா: ஒன்றுமில்லை. என் மோதிரம் விரலைவிட்டு வராது என்று எழுதினேன். உன் அம்மா சோப்புப் போட்டுக் கழற்றிவிட்டாள்.

திங்கள்

ஓசூர் அண்ணி: காலை வணக்கம் படங்களை இன்று ஒருநாள் நிறுத்திவைப்போம், முக்கியமான செய்தி மேலே போய்விடுகிறது. துண்டு: தேங்காய்ப்பூத் துண்டு யாரும் எடுக்காதீர்கள். ஒன்று நனைந்தால் இரண்டு கிலோ, சாயங்காலம்வரை காயாது. ஈரோட்டு மெல்லிசுத் துண்டு ஆளுக்கு இரண்டு.

ஓசூர் அண்ணி: மாற்றுத் துணியை ஆளாளுக்குத் தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதிவிடுங்கள். உள்ளாடையும் அதே கவரில், அதைத்தான் எல்லோரும் மறப்பது. நம் ஊர்த் துணிக்கடைக் கட்டைப்பை மூன்று போதும். லாக்கர் வாடகைக்கு எடுப்போம், ஆனால் சூட்கேஸ் நுழைகிற அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

அப்பா: ஈரத்துணி?

அண்ணன்: தடித்த பாலித்தீன் கவரில் கட்டி எடுத்துவந்து, டிக்கியில் பெயிண்ட் டப்பாவில் போட்டு மூடிவிடலாம் சித்தப்பா. போன பொங்கலுக்கு வெள்ளையடித்த 20 லிட்டர் டப்பா உங்கள் வீட்டில் இருக்குமே.

அம்மா: அதில் அரிசி இருக்கிறது.

பெரியம்மா: எங்கள் வீட்டில் காலி டப்பா மூன்று இருக்கிறது.

நான்: போன் பை வாங்கியாச்சு, கழுத்தில் மாட்டுகிற மாதிரி. மூன்று.

ஓசூர் அண்ணி: நேராகப் போனைப் போடாதே. முதலில் டிஷ்யூ பேப்பரை மடித்து உள்ளே வைத்து, மேலே பூட்டை அழுத்தி மூடி, வாளித் தண்ணீரில் பையின்மேல் தண்ணீர் நிறைந்த ஒரு டம்ளரை வைத்து அமுக்கி அரை மணி நேரம் வை. பேப்பர் மூலையில் ஈரம் தெரிந்தாலும் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடு.

நான்: வைத்திருக்கிறேன். சொல்கிறேன்.

பெரியப்பா: குரல் செய்தி, 1:12

அண்ணன்: அப்பா சொன்னதன் சுருக்கம்: இன்சுலின் பேனாவை எங்கே வைப்பது, நடந்து நடந்து சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது, தனக்கு அந்த உருட்டு வண்டிகள் எதுவும் வேண்டாம், மரத்தடி கிடைத்தால் போதும்.

ஓசூர் அண்ணி: மாமா, பேனாவைக் காரில் விட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியம். வெயிலில் நிற்கிற காருக்குள் இன்சுலின் கெட்டுவிடும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. சின்ன ஐஸ் பையில், ஐஸ் கட்டி நேராகப் படாமல் கைக்குட்டையில் சுற்றி வையுங்கள், உறைந்தாலும் வீண்தான். குளுக்கோஸ் பாக்கெட் சட்டைப் பையில் இருக்கட்டும். டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் கேட்டால் காட்டலாம். நாங்கள் தண்ணீரில் இருக்கும்போது கையில் இருக்கும் பைகளும் உங்கள் பொறுப்பு.

பெரியப்பா: அப்போ எனக்கு ஒரு வார இதழும் தொப்பியும்.

சித்தி: எனக்குச் சுற்றுகிற எதில் ஏறினாலும் வாந்தி வரும். தொப்பூர் கணவாயிலேயே வரும்.

சித்தப்பா: நாம் தருமபுரியிலிருந்து கிளம்புகிறோம். தொப்பூர் நம் வழியிலேயே இல்லை.

சித்தி: நினைத்தாலே வருகிறது.

ஓசூர் அண்ணி: வாந்திக்கு அவோமின் மாத்திரை போடுவதானால் முன்கூட்டியே போட வேண்டும் சின்னத்தை, தலை சுற்ற ஆரம்பித்தபிறகு போட்டுப் பெரிதாகப் பலன் இல்லை. தூக்கம் வரும். அதனால் வண்டி ஓட்டுகிற மூன்று பேரும் அதைத் தொடக்கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துக்கடையில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தம்பி: ரீகாயில் ரோலர் கோஸ்டர்தான் முதலில்! முன்னால் போய்விட்டுப் பின்னாலேயே திரும்பி வரும், தலைகீழாக!

அம்மா: டேய்! பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ஏறு.

ஓசூர் அண்ணி: கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றித்தான் ஏற வேண்டும், கெட்டியான டப்பா ஒன்று கொண்டுவாருங்கள். காண்டாக்ட் லென்ஸோடு தண்ணீரில் இறங்காதீர்கள்.

ஓசூர் அண்ணி: அப்புறம் சன்ஸ்கிரீன். தண்ணீரில் நிற்கிற வகையாகப் பார்த்து ஒரு பெரிய டியூப், குறைந்தது 30 எஸ்பிஎஃப். வெயிலில் இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்னால் பூச வேண்டும், இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பவும். துடைத்துவிட்டால் உடனே பூசுங்கள். காதுமடலும் பாதத்தின் மேல்பக்கமும் மறந்துபோகிற இடங்கள்.

பெரியம்மா: தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டால் சூடு தெரியாது.

ஓசூர் அண்ணி: அன்று ஒருநாள் எண்ணெய் வேண்டாம் அத்தை, குளம் முழுக்கப் படலம் மிதக்கும். பூவும் வேண்டாம். இறங்கும் முன் குழாய்த் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டால் குளோரின் அவ்வளவாகப் பிடிக்காது. முடியை இறுக்கிப் பின்னி ரப்பர் பேண்ட் போட வேண்டும், உலோகக் கிளிப் இல்லாமல்.

சித்தி: செருப்பு?

ஓசூர் அண்ணி: பின்பட்டி வைத்த ரப்பர் செருப்பு. தேய்ந்ததை எடுக்காதீர்கள், ஈரத்தரையில் வழுக்கும். மதியம் தரை அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும், வெறுங்காலில் குட்டி குதித்துக் குதித்து அழுவாள். புதுச் செருப்பும் வேண்டாம், கழற்றிவிட்டு ஏறினால் திரும்பி வரும்வரை மனசு அதிலேயே இருக்கும்.

நான்: அண்ணி, எனக்கு ஒரு சந்தேகம். தேதி அன்றைக்கு வருகிற மாதிரி இருக்கிறது.

ஓசூர் அண்ணி: தனியாக அனுப்புகிறேன். பயப்படாதே, வழி இருக்கிறது.

சித்தப்பா: என்ன தேதி? டிக்கெட் தேதியா?

சித்தி: உங்களுக்கு இல்லை. நீங்கள் ஃபாஸ்டேக்கைப் பாருங்கள்.

அப்பா: அடையாள அட்டை யார் யாருக்கு?

ஓசூர் அண்ணி: மாமாவுக்கும் அத்தைக்கும் மூத்த குடிமக்கள் சலுகையில் போட்டிருக்கிறேன், அசல் ஆதார் வேண்டும். நாத்தனாருக்குக் காலேஜ் கார்டு. போனில் படம் இருக்கிறது என்று நம்பி வராதீர்கள். குட்டிக்கு வயதைக் கேட்கமாட்டார்கள், உயரம்தான். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர். சுவரில் நிற்கவைத்து அளந்தேன், 114 இருக்கிறாள்.

தம்பி: நான் 161!

ஓசூர் அண்ணி: உனக்குத் தடை இல்லை. குட்டியிடம் மட்டும் பெரிய ஆட்டங்களைப் பற்றி இப்போதே பேசி ஆசை காட்டாதே, அங்கே உயரக் கோலுக்கு முன்னால் நின்று அழுவாள். அவள் கையில் என் நம்பரை அழியாத மார்க்கரில் எழுதிவிடுவேன். எல்லோரும் ஒரே நிறத்தில் போட்டால் தேடச் சுலபம். மஞ்சள் டீ-ஷர்ட் மூன்று வீட்டிலும் இருக்கிறதா?

சித்தப்பா: எனக்கு இருப்பது கட்சிக் கூட்டத்தில் கொடுத்தது. பரவாயில்லையா?

அண்ணன்: பரவாயில்லை சித்தப்பா, திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: மழை வருமா?

அண்ணன்: பெங்களூரில் மே மாதச் சாயங்காலத்துக்குச் சொல்லவே முடியாது அப்பா. இடி மின்னல் வந்தால் திறந்தவெளி ஆட்டங்களை நிறுத்திவிடுவார்கள். அதனால் உயரமான ஆட்டங்களை முதலில் முடித்துவிட்டு, மதியத்துக்குமேல் தண்ணீர். மடக்குக் குடை இரண்டு காரில் இருக்கட்டும்.

நான்: டிஷ்யூ சோதனை முடிந்தது. இரண்டு பை காய்ந்தே இருக்கிறது. ஒன்றில் பேப்பர் கூழாகிவிட்டது.

ஓசூர் அண்ணி: அதை இன்றே கடையில் கொடு. இரண்டு போன் போதும், படம் எடுக்க ஒன்று, பேச ஒன்று. மற்றவை லாக்கரில்.

அப்பா: நாங்கள் நாளை காலை 5 மணிக்குக் கிளம்புகிறோம். தம்பி, நீ தருமபுரியில் எங்களோடு சேர்ந்துகொள். ஓசூரில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு நைஸ் ரோடு வழியாக மைசூரு ரோட்டில் ஏறி, வொண்டர்லா இருக்கிற பிடதி.

தம்பி: நான் உங்கள் காரிலேயேதானே அப்பா வருகிறேன்?

அம்மா: உன்னைச் சொல்லவில்லை. சித்தப்பாவைச் சொல்கிறார்.

சித்தப்பா: சரி அண்ணா. ஃபாஸ்டேக்கில் ஆயிரம் ரூபாய் போட்டாச்சு. நைஸ் ரோட்டு டோல் தனி, ரொக்கமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா: புளிக்காய்ச்சல் ஆறிவிட்டது. பாட்டிலில் ஊற்றி மூடியில் பாலித்தீன் வைத்துத் திருகியிருக்கிறேன். யார் மடியில் வைத்துக்கொண்டு வருகிறீர்கள்?

நான்: தம்பி மடியில்.

தம்பி: ஐயோ.