பந்தல் சட்டத்தில் பச்சை மூடி: இலைவெட்டித் தேனீயா, கருவண்டா?

மொட்டைமாடி:
அவரைப் பந்தலைத் தாங்கும் பழைய மாமரச் சட்டத்தில் ஏழெட்டு ஓட்டைகள். பென்சில் நுழையும் அகலம். இரண்டின் வாயைப் பச்சை இலை அடைத்திருக்கிறது. பக்கத்து ரோஜாத் தொட்டியில் இலை ஓரமெல்லாம் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்ட வெட்டு. இது எந்தப் பூச்சி? கரையான் எண்ணெய் பூசலாமா, கூடாதா?

இழைப்புளி:
கருவண்டுதாங்க. காய்ஞ்ச மரத்துல வட்டமா ஓட்டை போடுறது அதுதான். நேரா உள்ள போயி, அப்புறம் மரத்தோட நார் ஓடுற வாக்குல திரும்பும். விட்டா அதே பொந்து வருஷா வருஷம் நீண்டுக்கிட்டே போகும். மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைச்சு அடைங்க, காஞ்சதும் ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிங்க. பெயிண்ட் அடிச்ச மரத்துப் பக்கம் அது சீக்கிரம் வராது.

ஆறுகால்:
அடைக்காதீங்க. கருவண்டும் மரம் குடையும் ஒரு வகைத் தேனீதான், ஆனால் இலை வெட்டாது. தான் கடைந்த மரத்தூளையே குழைத்துத்தான் அறைக்கு அறை தடுப்பு வைக்கும். பச்சை மூடி என்றால் இலைவெட்டித் தேனீ, மெகாகைல் பேரினம்.

பறக்கிற பூச்சியைத் துரத்திப் பார்ப்பதைவிட ஓட்டையின் வாயைப் பார்ப்பது சுலபம். கருவண்டின் வாசல் ஒரு செ.மீ.க்கு மேல் அகலம், திருகு போட்டதுபோலச் சுத்தமான வட்டம். கீழே மஞ்சள் மரத்தூள் கொட்டிக் கிடக்கும், மரத்தில் பழுப்பாகக் கழிவு வழிந்த கோடும் இருக்கும். உங்கள் ஓட்டையில் பென்சில் நுழைகிறது என்றால் 7, 8 மி.மீ. கருவண்டுக்கு அது பத்தாது.

பூச்சியே கண்ணில் பட்டால் வயிற்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இலைவெட்டி மகரந்தத்தை அங்கேதான் சுமக்கும். தூரிகைபோல அடர்ந்த முடியில் மஞ்சள் அப்பியிருக்கும், பின்னங்காலில் உருண்டை இருக்காது. கருவண்டும் கொம்புத்தேனீயும் காலில்தான் கொண்டுபோகும்.

இழைப்புளி:
சரி சார், இலையை வெட்டத் தெரிஞ்சதுக்கு மரத்தைக் குடையத் தெரியாதா? அந்த ஓட்டை தானா வந்துச்சா?

ஆறுகால்:
ஓட்டை போட்டவரும் குடியிருப்பவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. மாங்கட்டையில் நீள்கொம்பு வண்டின் புழு வருஷக்கணக்கில் உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டானதும் பட்டையைத் துளைத்து வெளியேறும். அந்த வாசல் பெரும்பாலும் சற்றே நீள்வட்டமாக இருக்கும். ஆணி பிடுங்கிய துளை, மூங்கில் நுனி, சுவரில் பிளக்கு அடித்த ஓட்டை எல்லாமே இலைவெட்டிக்கு வீடுதான். மரத்தைக் குடையாது.

கிழக்குத்திண்ணை:
"குடையவே குடையாது" என்பது கொஞ்சம் அதிகம். இங்கிலாந்துத் தோட்டங்களில் உள்ள மெகாகைல் வில்லபியெல்லா, மெகாகைல் லிக்னிசெக்கா இரண்டும் மக்கிய மரத்தைத் தாமே தோண்டும். உறுதியான மரத்தை இலைவெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது என்பது சரி. மக்கிப் பஞ்சாகிப்போன கட்டையைப் பிறாண்டி அகலப்படுத்தும், அப்போது கொஞ்சம் துகள் விழும். தூள் விழுந்ததை மட்டும் வைத்துக் கருவண்டு என்று தீர்ப்பெழுத முடியாது.

அதே மாதிரி, ஓட்டையை அடைத்ததெல்லாம் இலைவெட்டியும் இல்லை. நம்மூரில் மெகாகைல் லனாட்டா என்று செம்பழுப்பு முடி போர்த்த ஒன்று உண்டு. அதே பேரினம், ஆனால் இலை வெட்டாமல் மண் கொண்டு அடைக்கும். குளவியும் மண்ணால் அடைக்கும். மூடி இலையா மண்ணா பிசினா என்று பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது.

ஆறுகால்:
ஒப்புக்கொள்கிறேன். "உறுதியான மரத்தை" என்று சேர்த்துப் படியுங்கள்.

மொட்டைமாடி:
டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடி இலைதான், ஒன்றின்மேல் ஒன்றாக அப்பளம் அடுக்கியதுபோல வட்டத் துண்டுகள். கீழே தூள் இல்லை. இனம் எது என்று சொல்ல முடியுமா?

ஆறுகால்:
படத்தை வைத்து இனம் சொல்பவர்களை நம்ப வேண்டாம். தாடையில் எத்தனை பல், பல்லுக்கு இடையே வெட்டும் விளிம்பு இருக்கிறதா, வயிற்றடி முடி என்ன நிறம் என்றெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு "இலைவெட்டி" என்பதே போதும்.

உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். ஒரு அறைக்குப் பத்துப் பதினைந்து இலைத்துண்டு. சுவருக்கு நீள்வட்டத் துண்டு, மூடிக்கு வட்டத் துண்டு, இரண்டையும் அளவு மாற்றி வெட்டும். இலை விளிம்பில் கவ்விக்கொண்டு, தன் உடம்பையே கவராயம்போலச் சுழற்றும். சில விநாடிதான். துண்டு கழன்றதும் அதோடு சேர்ந்தே விழுந்து, வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துப் பறந்துவிடும். அறையில் மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, மேலே ஒரு முட்டை. பெண் முட்டைகள் உள்ளே, ஆண் முட்டைகள் வாசலோரம். ஆண்தான் முதலில் வெளியே வரும்.

பன்னீர்ரோஜா:
எல்லாம் அழகுதான். எட்டங்குலத் தொட்டியில் இருபது இலை உள்ள ரோஜாவில் பன்னிரண்டு இலையை வெட்டினால் செடி என்னாவது? வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை. இமிடாகுளோப்ரிட் பூச்சிக்கொல்லி அடிப்பதுதான் வழி.

ஆறுகால்:
வேப்பெண்ணெய்க்கு நிற்காததற்குக் காரணம், இலைவெட்டி இலையைத் தின்பதில்லை. வெட்டி எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவே. இமிடாகுளோப்ரிட் செடிக்குள் ஊடுருவிப் பூவின் மகரந்தத்துக்கும் போகும். அந்தச் செடியின் பூவுக்கு வரும் எல்லாத் தேனீக்கும் ஆபத்து.

துவரைக்காடு:
ரோஜாவுக்காகத் துவரையை விட்டுவிடாதீங்க. துவரைப் பூவின் இதழை அமுக்கித் திறந்து மகரந்தம் கடத்துவதில் மெகாகைல்தான் முன்னணி. ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பினத் துவரை விதை எடுத்ததே பூச்சிகளின் அயல்மகரந்தச் சேர்க்கையை நம்பித்தான். அவரைப் பந்தல் வைத்திருப்பவர் இதை விரட்டுவது எனக்குப் புரியவில்லை.

பன்னீர்ரோஜா:
துவரை உங்கள் காட்டில், ரோஜா என் மாடியில். பெரிய செடிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும், கன்றுக்குப் பொருந்தாது.

கிழக்குத்திண்ணை:
அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கன்றுக்குக் கொசுவலை போர்த்துங்கள். விளிம்பு மண்ணைத் தொடணும், நாலு வாரம் போதும். தண்டையும் மொட்டையும் அது தொடாது என்பதால், துளிர் வந்து தேறிய செடி இழப்பைத் தாங்கும்.

இழைப்புளி:
பூச்சி பேரை விடுங்க. சட்டம் பந்தலைத் தாங்குதே, அதைப் பத்தி யாரும் பேசலை. ஓட்டையைச் சுத்தித் திருப்புளியால குத்திப் பாருங்க. முனை ஒரு செ.மீ. இறங்கினா மரம் மக்கியாச்சு, தேனீ இருந்தாலும் இல்லாட்டியும் மாத்தித்தான் ஆகணும். ஐப்பசி, கார்த்திகை மழைல காய் பாரத்தோட தலைல விழும்.

ஆறுகால்:
இந்த இடத்தில் அண்ணன் சொல்வதுதான் சரி. மாற்றுவதானால்: தேனீ இன்னும் இலை கொண்டுவந்துகொண்டிருக்கும்போது நகர்த்தக் கூடாது. சுற்றியுள்ள அடையாளத்தை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கும், இடம் மாறினால் வீட்டைத் தொலைத்துவிடும். வாய் மூடி ஒரு வாரம் கழியட்டும். பிறகு ஓட்டைக்கு இரண்டு பக்கமும் அரை அடி விட்டு, கைரம்பத்தால் மெதுவாக அறுங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள், உணவின்மேல் இருக்கும் முட்டை பெயர்ந்தால் செத்துவிடும். சட்டத்தில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டும் கம்பியில் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. கிழக்கு முகமாக, காலை வெயில் படும்படி.

கிழக்குத்திண்ணை:
கிழக்கு முகமா? சென்னை, கடலூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைச் சாரல் நேராக வாய்க்குள் அடிக்கும். ஐரோப்பியக் கையேட்டை அப்படியே எடுத்தால் இதுதான் சிக்கல். ஈரம் புகுந்தால் உணவுருண்டை பூசணம் பிடிக்கும். தென்கிழக்காகத் திருப்பி, நாலு விரல் நீளத்துக்கு முன்கூரை வையுங்கள். பிளாஸ்டிக் குழாய்க்குள் மட்டும் போடாதீர்கள், வியர்த்துவிடும்.

ஆறுகால்:
கரையோரத்துக்கு அது சரி. கோயம்புத்தூரில் கிழக்கு முகமே போதும்.

மொட்டைமாடி:
திருப்புளி இறங்கவில்லை, மரம் கெட்டிதான். ஆனால் மூடி ஒன்றில் குண்டூசித் தலை அளவுக்குச் சின்ன ஓட்டை. தேனீ வெளியே வந்துவிட்டதா?

ஆறுகால்:
அவ்வளவு சின்னதில் தேனீ வர முடியாது. தேனீ வந்திருந்தால் மூடியே கிழிந்து வாசல் முழுக்கத் திறந்திருக்கும். இது ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய வழியாக இருக்கலாம். கூம்புபோல வயிற்று நுனி கூரான சாம்பல் கருப்புத் தேனீ ஒன்று அந்தப் பக்கம் சுற்றினால் அதையும் கவனியுங்கள். அது சீலியாக்சிஸ். தான் உழைக்காமல் இலைவெட்டியின் அறைக்குள் முட்டை திணிக்கும்.

இழைப்புளி:
மரம் கெட்டின்னா அந்த ஏழெட்டு ஓட்டையால ஒண்ணும் ஆகாது. எண்ணெய் பூசணும்னா ஓட்டை இருக்குற ரெண்டு அடியை விட்டுட்டுப் பூசுங்க. காலி ஓட்டையை நான் சொன்ன மாதிரி அடைச்சுக்கலாம்.

ஆறுகால்:
காலியானதையும் விட்டுவைக்கலாமே, அண்ணே.

இழைப்புளி:
அதுல கருவண்டு வந்து அகலப்படுத்தினா யாரு பொறுப்பு?