நுவரெலியாப் பக்கத்து ஜனவரிப் பூப்பனி (புல்லிலும் இலையிலும் உறையும் பனி): உங்கள் பாத்திக்கு என்ன ஆனது?

கந்தப்பளைக்காரன்:
இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. ஓடைப்பக்கம் மூன்று பாத்தி உருளைக்கிழங்கு, நவம்பரில் போட்டது, பொங்கலுக்கு முழங்கால் உயரம் வந்து பூவும் எடுத்துவிட்டது. பொங்கல் முடிந்து நாலாம் நாள் இரவு வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை, காற்றும் இல்லை. வானொலியில் 4 பாகை என்றார்கள், பூச்சியத்துக்கு இறங்கவில்லையே என்று படுத்துவிட்டேன். விடியற்காலை டோர்ச்சோடு இறங்கினால் காலடியில் புல் நொறுங்குகிறது. இலை ஓரமெல்லாம் உப்புத்தூள் ஒட்டினது போல வெள்ளை, ஆனால் செடி நிமிர்ந்துதான் நின்றது, தப்பிவிட்டது என்றே நினைத்தேன். ஒன்பது மணிக்கு வெயில் ஏறின பிறகு போனால் எல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்குகிறது, தொட்டால் விரலெல்லாம் தண்ணீர். பத்து எட்டு வைத்து மேலே ஏறினால் மாமாவின் பாத்தி. அதே விதை, அதே வாரம் போட்டது. ஒரு இலை கருகவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மேட்டுலயம்:
எனக்கு நடந்தது போஞ்சியில். தை பிறந்துவிட்டது, இனிப் பனி குறையும் என்று நானாகவே கணக்குப் போட்டு விதைத்தேன். "மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க, கொஞ்சம் பொறு"ன்னு பாட்டி சொன்னதைக் கேட்கவில்லை. பெப்ரவரியில் ஒரே இரவு. அப்போதுதான் நாலு இலை விட்டிருந்தது, ஒன்றுகூட மிஞ்சவில்லை. பக்கத்துப் பாத்தியில் லீக்ஸும் கரட்டும் ஒன்றும் நடக்காதது போல நின்றதைப் பார்த்தபோது அழுகையே வந்தது.

பண்டாரவளை வாசி:
இவ்வளவு பயம் எதற்கு? நாங்கள் டிசம்பரிலும் போஞ்சி போடுகிறோம், தக்காளியும் நடுகிறோம், ஒரு நாளும் கருகினதில்லை. மழைக்குத்தான் பயப்பட வேண்டும். நாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் நிலம் சும்மா கிடக்கும்.

சீத்தாஎலிய:
பண்டாரவளை அண்ணாச்சி, கோபிக்க வேண்டாம், உங்கள் ஊர் 1,200 மீற்றரளவு. நுவரெலியா 1,868 மீற்றர், கந்தப்பளை, அம்பேவெல பக்கமெல்லாம் ஏறக்குறைய அதே உயரம். உங்கள் கணக்கை நம்பி இங்கே யாராவது விதைத்தால் விதைக் காசும் திரும்பாது.

கந்தப்பளை அண்ணா, வானொலியில் சொல்லும் 4 பாகை என்பது ஆள் நெஞ்சளவு உயரத்தில் பெட்டிக்குள் இருக்கும் மானி காட்டுவது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல் மட்டத்தில் அதைவிடப் பல பாகை இறங்கிவிடும். குளிர்காற்று கனமானது, தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மாமாவின் பாத்தி தப்பியது, உங்கள் ஓடைப்பக்கம் மாட்டியது. கீழ் ஓரத்தில் அடர்ந்த வேலி இருந்தால் அதையும் கொஞ்சம் திறந்துவிடுங்கள், குளிர் அணை கட்டினது போல அங்கேயே நிற்கும். உருளைக்கிழங்குக்கு மூன்று மாதமாவது வேண்டும், ஒக்டோபர் தொடக்கத்தில் போட்டால் ஜனவரி பிறந்ததும் கிண்டிவிடலாம், ஆனால் அந்த மழையில் இலை கறுத்து அழுகும் வெளிறல் நோய் வரும், மருந்துச் செலவு கூடும். முடியாவிட்டால் மாசி கழியட்டும். பாத்தியில் மானாப்புல் பரப்புகிறவர்கள் பனிக்காலத்தில் அதை ஒதுக்கிவிட்டு, பகலிலேயே மண்ணை நன்றாக நனைத்து வையுங்கள், ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் விடும், காய்ந்த புல் அதை மறித்துவிடும். மூடுவதென்றால் கம்பு நட்டு, படங்கு இலையில் படாமல் மூட வேண்டும். ஒருமுறை பொலித்தீனை நேராகச் செடிமேல் போட்டேன், பட்ட இடமெல்லாம் இலை கருகி, மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருந்தது. இங்கே பலர் வெயில் வருமுன் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவுகிறார்கள், நானும் செய்கிறேன், வெயில் வந்த பிறகு அடித்துப் பயனில்லை.

மேட்டுலயம்:
கேட்காமலே இவ்வளவும் சொன்னீர்கள், நன்றி. ஆனால் தண்ணீர் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் லயத்தில் நடுராத்திரி ஒரு முறை தெளித்துவிட்டுப் படுத்தார்கள், அதுவே இலையில் ஐஸாகி இன்னும் மோசமானது. விடியும்வரை நின்று அடிக்க முடியாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

அம்பேவெல பக்கம்:
ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கந்தப்பளை அண்ணா, கறுத்த செடியை அன்றைக்கே வெட்டினீர்களா? எனக்கும் ஒருமுறை அப்படிக் கருகியது. ஆள் கிடைக்காமல் இரண்டு வாரம் விட்டிருந்தேன், மண்ணுக்குள்ளிருந்து புதுத்தளிர் வந்தது. கிழங்கு சின்னதுதான், ஆனாலும் கிடைத்தது.

கந்தப்பளைக்காரன்:
அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். மருந்துக் கடையில் இது வெளிறல் நோய், பரவும் என்று சொன்னதை நம்பினேன். கிழங்கு கோலிக்குண்டு அளவில் இருந்தது, அதையும் மாட்டுக்குப் போட்டேன். இந்த வருடம் ஓடைப்பக்கம் முழுக்க லீக்ஸ், நாற்று தயார். உருளைக்கிழங்கு மாமாவின் பாத்திக்குப் பக்கத்தில், மாசி கழித்து.