ஆவணங்களைக் கிளவுடில் வைப்பதா, ஆபீஸிலேயே வைப்பதா? இலங்கை மலைநாட்டில் நாங்கள் பட்டவை

ஹட்டன் கணக்கர்:
சின்னக் கணக்கு அலுவலகம் எனது. கடைகள், சில தோட்டங்களின் சம்பளப் பட்டியல், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) படிவங்கள்தான் பிழைப்பு. 2021இல் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வெளிநாட்டுக் கிளவுட் ஒன்றில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பிடத்தில், ஏற்றினோம். மாதம் 60 டொலர், அன்றைக்கு 12,000 ரூபாய். அலுமாரியில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த ஃபைல்கள் ஒழிந்தன என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது. அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு கட்டியிருப்பேன். ஆனால் நாட்டில் டொலர் தட்டுப்பாடு, டொலரில் கட்ட கார்டே ஓடவில்லை. இரண்டு மாதம் பாக்கி விழுந்ததும் கணக்கை முடக்கிவிட்டார்கள். அதே நேரத்தில் மேல் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது தாண்டிவிட்டது, சேமலாப நிதியை எடுக்க வேண்டும், நிதிக்குக் கட்டிய பணத்தை முதலாளி மாதாமாதம் காட்டும் பழைய சி படிவத்தின் பிரதி வேண்டும் என்றார். கையில் மழைக்கு நனையாமல் சீனிப் பைக்குள் சுற்றிய அடையாள அட்டை. முடக்கிய கிளவுடில் அவருடைய படிவம் இருக்கிறது, ஆனால் என் கணினியில் திறக்க முடியாது. “பெட்டிக்குள்ள தானே தம்பி இருக்கு, தொறந்து பாருங்க” என்றார். என்னத்தைச் சொல்வது? அடுத்த நாள் வரச் சொல்லிவிட்டு, எரிக்கக் கொடுக்காமல் பரணில் போட்டிருந்த பழைய பெட்டிகளில் தேடித்தான் எடுத்தேன்.

அதனால் ஃபைல்களை ஆபீஸிலேயே வைக்க சொந்தமாக சேர்வர் வாங்கலாம் என்று இருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை கொழுந்துக் கணக்கு:
அண்ணே, அவசரப்பட வேண்டாம். நாங்கள் சொந்தமாக வைத்து அழுதவர்கள். சிறுதோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கும் தொழிற்சாலை எங்களுடையது. தினமும் நிறுத்த ரசீது நூற்றுக்கணக்கில் வரும். மாதம் முடிந்ததும் “என் கொழுந்தில் இவ்வளவு கிலோ ஏன் கழித்தாய்” என்று வந்து நிற்பார்கள், ரசீதைக் காட்டியே ஆக வேண்டும்.

ஆபீஸில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாக ஃபைல் சேமிக்கும் பெட்டி) வைத்தோம். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாக எழுதப்படும், ஆகவே பாதுகாப்பு என்று விற்றவர் சொன்னார். நம்பினோம். போன வருடம் ஒக்டோபரில் ஒரு பின்னேரம் இடி. தொழிற்சாலைக்கும் ஆபீஸுக்கும் நடுவே நாங்களே இழுத்திருந்த நெட்வொர்க் கேபிள் வழியாகப் பாய்ந்து ரவுட்டர், சுவிட்ச், நாஸ் மூன்றும் கருகின. பேக்கப் டிஸ்க்? அதே நாஸில்தான் செருகியிருந்தது! கொழும்பிலிருந்து ஆள் ஏறி வர மூன்று நாள். வந்தவர் டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். 14 மாத ரசீது போயிற்று.

இப்போது வேலை நடப்பது உள்ளேயுள்ள பெட்டியில்தான், ஏனென்றால் இன்டர்நெட் லைன் போனாலும் கொழுந்து வண்டி நிற்காது. இரவில் மட்டும் ஒரு பிரதி, எங்கள் கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டிய நிலையில், கிளவுடுக்குப் போகும். முதல் தடவை 400 ஜிபி. எங்கள் லைனில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 8 மெகாபிட்தான். இரவுக்குப் பத்து மணித்தியாலம் வீதம் ஓடவிட்டும் பதினோரு இரவுக்கு மேல் பிடித்தது. லைன் எடுக்கும்போது எல்லோரும் இறக்கும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். மேலேற்றும் வேகத்தைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நுவரெலியா விருந்தினர் விடுதி:
எங்களுக்கு ஆறு அறைதான். பில்லும் பாஸ்போர்ட் பிரதியும் ஒரு மடிக்கணினியில், வாரம் ஒருமுறை பென் டிரைவில் வீட்டுக்கு. சிரிக்காதீர்கள், இதுவரை ஒன்றும் போகவில்லை.

கண்டி கணினிக்காரர்:
சிரிக்கவில்லை. அந்த பென் டிரைவ் வீட்டுக்குப் போகிறதே, அதுதான் விஷயம். 2023இல் இலங்கை அரசாங்கத்தின் சொந்தக் கிளவுடையே கப்பம் கேட்கும் வைரஸ் அடித்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை, அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. ஆகவே கிளவுட் என்றால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்கக்கூடாது. ஹட்டன் அண்ணே, கிளவுடை விட்டுவிட வேண்டாம். ரூபாயில் பில் போடும் உள்ளூர்க்காரரைப் பாருங்கள், வெளியேறும் நாளில் எல்லா ஃபைலையும் சாதாரண பிடிஎஃப் ஆக, பெயர் மாறாமல் இறக்கித் தருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரருக்கு இறக்கிக் கொடுத்தது 9,000 ஃபைல், எல்லாவற்றுக்கும் வெறும் இலக்கம்தான் பெயர். வாங்கியும் பிரயோசனமில்லை.

சொந்த சேர்வர்தான் என்றால் பெட்டியின் விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். கரண்ட் போனால் தாங்கும் யூபிஎஸ்ஸின் பற்றரியை இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும். இடிதாங்கி, எர்த் பார்க்க வேண்டும். வருடத்தில் ஒருநாளாவது பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். அதை உங்கள் ஆபீஸில் யார் செய்வார்?

ஹட்டன் கணக்கர்:
கேள்வி சுட்டது. எங்கள் ஆபீஸில் யாரும் செய்யமாட்டோம், வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேரும் சம்பள வாரத்தில் தலைநிமிர நேரமில்லாமல் இருப்பார்கள். அதனால் சேர்வர் யோசனையை விட்டுவிட்டேன். ரூபாயில் பில் போடும் கிளவுட், அதோடு மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் இறக்கி என் வீட்டு அலுமாரியில். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போன அந்த நாட்களில் போன் டவரும் விழுந்தது ஞாபகம் இருக்கிறது, அப்போது அந்த டிஸ்க்கும் ஒரு மடிக்கணினியும் போதும்.

இன்னொன்று, இரண்டு பக்கத்துக்கும் பொது. கணினியில் இருப்பதெல்லாம் தேடினால் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். கணினியிலுள்ள பழைய கடிதங்கள் யூனிகோட் வருவதற்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், தமிழில் தேடினால் பூச்சியம். பெயரும் அப்படித்தான். அந்த அம்மா அடையாள அட்டையில் ராமாயி, எங்கள் ஏட்டில் இராமாயி, தோட்டத்துச் செக்ரோலில் (வேலை நாள், சம்பளப் பதிவேட்டில்) ராமாய். இப்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஈபிஎஃப் இலக்கத்தைத்தான் முதலில் போடுகிறோம், பெயர் அதற்குப் பின்னால். இதுவரை 2015 வரை முடிந்திருக்கிறது, பரணில் இன்னும் பதினொரு பெட்டி.