உண்ணிச்செடியை வெட்டும் முன் வரைபடம் வேண்டுமா? சாப்டூர் காட்டை முன்வைத்து ஒரு விவாதம்

வைகைத்தலை:

திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டபோது, மதுரை மாவட்டத்தின் சாப்டூர் வனச்சரகமும் அதற்குள் வந்தது. ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தக் காப்பகத்தில் நம் மாவட்டத்தின் பங்கு சிறியதுதான். ஆனால் வைகைக்கு நீர் தரும் மலைகள் அந்தக் காப்பகத்தில் அடங்கியிருப்பதால், மதுரையில் குழாயைத் திறக்கும் எவரும் அந்தக் காட்டைத் தமக்குச் சம்பந்தமற்றது என்று சொல்லிவிட முடியாது.

அடிவாரத்து ஓடைக்கரைகளிலும் பாதையோரங்களிலும் உண்ணிச்செடி (லன்டானா என்ற அயல் களைச்செடி) ஆள் நுழைய முடியாத புதராக நிற்கிறது. காட்டின் விளிம்பில், பட்டா நிலங்களை ஒட்டி, சீமைக்கருவேலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இவற்றை அகற்ற வேண்டும் என்பதில் இங்கே எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது என்று நம்புகிறேன். நான் கேட்பது அதற்கு முந்தைய ஒரு வேலை. எந்தச் செடி எங்கே, எவ்வளவு அடர்த்தியில், எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பதையும், முக்கியமாக, எங்கே இன்னும் நுழையவில்லை என்பதையும் கட்டம் கட்டமாகக் காட்டும் வரைபடம் ஒன்று முதலில் வரையப்பட வேண்டும். வெட்டிய பிறகு அதே கட்டங்களை ஆண்டுதோறும் மீண்டும் பார்த்து அந்த வரைபடத்தைத் திருத்த வேண்டும்.

நுழையாத இடத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உண்ணிப்பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் புதரிலிருந்து வெகு தூரம் கொண்டுபோய்ப் போடுகின்றன. நல்ல காட்டுக்குள் தனித்து முளைத்த நான்கு செடிகளைச் சிலர் சேர்ந்து ஒரு காலைப் பொழுதில் பிடுங்கிவிடலாம். அவை புதராகிவிட்டால் பல ஆண்டு வேலை. அந்த நான்கு செடிகள் எங்கே நிற்கின்றன என்று தெரியாமல், சாலையிலிருந்து கண்ணில் படும் பெரும் புதரிலேயே ஆண்டுதோறும் பணத்தைச் செலவிட்டுக்கொண்டிருந்தால், நாம் வெட்டும் வேகத்தைவிடச் செடி பரவும் வேகமே கூடுதலாக இருக்கும்.

ஓய்வுபெற்ற வனவர்:

அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கோரிக்கையை ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு பீட்டிலும் (ஒரு காப்பாளர் பொறுப்பில் உள்ள காட்டுப் பகுதி) நடக்கும் வனக்காப்பாளருக்கும், அவருடன் செல்லும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் எந்த ஓடையில் உண்ணி எவ்வளவு மண்டியிருக்கிறது என்பது மனப்பாடம். அவர்களுக்குத் தெரிந்ததையே அவர்களிடம் கேட்டு, வண்ணம் தீட்டி, அவர்களிடமே திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு பருவம் வீணாக வேண்டுமா?

பருவம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்துக் காடுகளுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மண் ஈரமாக இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் ஆணிவேரை எளிதாகத் துண்டிக்க முடியும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு வகுத்த முறையும் இதையே வேண்டுகிறது: தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே மண்ணுக்குள் வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் அடிக்கட்டை முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். ஈரமான வாரங்களை வரைபடத்துக்குக் கொடுத்துவிட்டு, காய்ந்து இறுகிய மண்ணில் மண்வெட்டியை இறக்கச் சொன்னால், கூலியாள் மேலேதான் வெட்டுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொன்றையும் கவலையோடு சொல்கிறேன். வரைபடம் வந்தால் ஹெக்டேர் கணக்கு வரும். கணக்கு வந்தால் இலக்கு வரும். இத்தனை ஹெக்டேர் முடிந்தது என்று எழுதுவதற்காகவே தரைமட்டத்தில் வெட்டிச் சென்ற ஒப்பந்த வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். தாளில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. அடுத்த மழைக்குப் பின் காட்டில் அப்படி இல்லை.

வைகைத்தலை:

வனவர் ஐயா, காவலரின் மனத்தில் இருக்கும் அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் மாறுதலாகிப் போகும்போது அந்த மனப்பாடமும் அவரோடு போய்விடுகிறதே! அடுத்து வருபவர், போன ஆண்டு எந்த ஓடையில் வேர் அறுத்தார்கள், எந்த ஓடையில் மேலே மட்டும் வெட்டினார்கள் என்பதை யாரிடம் கேட்பார்?

ஹெக்டேர் கணக்கைப் பற்றி நீங்கள் சொன்னது என் கோரிக்கைக்கே வலுச் சேர்க்கிறது. தாளில் சுத்தமாக இருந்த இடம் காட்டில் அப்படி இல்லை என்பதை நீங்கள் நேரில் பார்த்ததால் அறிந்தீர்கள். அதே கட்டத்துக்கு ஓராண்டு கழித்துத் திரும்பிச் சென்று, துளிர் எத்தனை, நாற்று எத்தனை, புல் வந்ததா என்று பதிவு செய்வதைக் கட்டாயமாக்கினால், மேலே வெட்டிச் சென்ற வேலையை எந்தத் தாளாலும் மறைக்க முடியாது.

நம் கண்ணெதிரே நடந்ததைப் பாருங்கள். பழனிமலையின் புல்வெளிகள் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மரத்தோட்டங்களாகவும் விளைநிலங்களாகவும் அவை மாறியிருந்தன. கொடைக்கானலில் சீகை மரம் (வாட்டில்) பெருகுவதை மலைவாசிகள் அனைவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எவ்வளவு போயிற்று, எந்தச் சரிவில் இன்னும் புல் மிஞ்சியிருக்கிறது என்பதை அந்த வரைபடமே சொல்லிற்று. மிஞ்சியதைக் காப்பாற்ற முனைபவருக்கு அதுதானே முதல் தேவை?

புவித்தகவல் மாணவன்:

இருவருக்கும் வணக்கம். வரைபடம் என்றதும் செயற்கைக்கோள் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்ற எண்ணம் இங்கே வேரூன்றிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்குச் சமம். ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடம் மீண்டும் படமாகிறது. சீமைக்கருவேலத்துக்கு இது ஓரளவு போதும். பங்குனி, சித்திரையில் சுற்றியுள்ள இலையுதிர் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது அது மட்டும் பச்சையாக இருப்பதால், கோடைப் படத்தையும் மழைக்காலப் படத்தையும் ஒப்பிட்டால் அது தனித்துத் தெரியும். திறந்த நிலத்திலும் கண்மாய்களிலும் இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நாட்டுக் கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் பிரிப்பது 10 மீட்டர் புள்ளியில் மிகக் கடினம். தரையில் சென்று சரிபார்க்காத வரைபடத்தைப் பொக்லைன் ஓட்டுநரிடம் கொடுத்தால், கண்மாயின் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து சாயும்.

உண்ணிச்செடியின் நிலை வேறு. அது மரங்களுக்குக் கீழே வளர்வது. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு மரத்தின் இலைக்கூரையே தெரியும். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பரவியிருக்கும் மஞ்சள் கொன்றையைப் போல ஒரே நேரத்தில் பொன்னிறமாகப் பூத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இயல்பும் அதற்கு இல்லை. எனவே சாப்டூரின் ஓடைக்காடுகளில் உண்ணியை வரைய வேண்டுமானால், மனிதர் நடந்துதான் ஆக வேண்டும். செடி இருந்த இடத்தை மட்டும் அல்லாமல், நடந்து பார்த்தும் இல்லாத இடத்தையும் குறிக்க வேண்டும். இல்லையேல் எவரும் போகாத பள்ளத்தாக்கு வரைபடத்தில் தூய்மையான காடாகத் தோன்றிவிடும்.

புதிதாக ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கவும் தேவையில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் புலிகள் கணக்கெடுப்பிலேயே தாவரங்களையும் களைச்செடிகளையும் பதிவு செய்யும் படிவம் இருக்கிறது. ரோந்தைப் பதிவு செய்யும் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலியும் காவலர் கையில் உள்ளது. தினசரி நடையிலேயே உண்ணியின் அடர்த்தியை மூன்று நிலைகளில் குறித்தால் ஈரமான வாரங்கள் வீணாகா.

பேரையூர் விவசாயி:

படித்தவர்கள் பேசுவதைப் படித்தேன். காட்டின் விளிம்பில் இருப்பவர்கள் சார்பில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதியில் வரைபடம் என்றாலே அச்சம்தான் முதலில் வருகிறது. 2022இல் உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு என்று திருத்தியது. மலைமாடு வளர்ப்போருக்கு அந்தத் திருத்தத்தால் இங்கே பயன் இல்லை. எங்கள் மலை காப்பகத்துக்குள் இருக்கிறது. இப்போது சீமைக்கருவேலம் எங்கெங்கே முளைத்திருக்கிறது என்று கட்டம் போட்டால், ஆடுமாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதையைக் கொண்டுவந்ததால்தான் முளைத்தது என்று அடுத்த வரியில் எழுதுவார்கள். சாணத்தின் வழி விதை பரவுவது உண்மைதான். ஆனால் அந்த மரத்தை அரசே வேலிக்கும் விறகுக்கும் என்று பரப்பிய காலம் உண்டு என்பதையும் எழுதுவார்களா?

2017இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். வழக்கறிஞர் ஆணையர்கள் வந்தார்கள், இயந்திரங்கள் வந்தன, அதே ஆண்டில் சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. இடையில் அந்த மரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களிடம் எவரும் கேட்கவில்லை. வெட்டிய இடத்தில் மாற்று மரம் வைக்காததால் மீண்டும் அதே முள் மண்டிய கண்மாய்களை இன்றும் காட்டுகிறேன். உங்கள் வரைபடத்தில் செடியின் பெயர் இருக்கும். அந்தச் செடியை நம்பி வாழ்பவர் இருப்பாரா?

மேலூர் பறவைநோக்கி:

பேரையூர் அண்ணாவின் கேள்வி மிகச் சரியானது. இருப்பினும், பதிவுகள் ஊருக்கு எதிராக மட்டுமே பயன்படும் என்பதை ஏற்க மாட்டேன். எங்கள் பக்கத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு ஏறத்தாழ 193 ஹெக்டேர். அங்கு ஏறத்தாழ 250 பறவையினங்களும், எறும்புத்தின்னியும், தேவாங்கும் உண்டு என்ற பதிவுகள் அந்த அறிவிப்புக்கு அடிப்படையாக இருந்தன. 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர் மக்கள் அந்தத் தகுதியைச் சுட்டிக்காட்டியே போராடினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தன் நிலத்தில் என்ன இருக்கிறது என்ற கணக்கை ஊரே வைத்திருந்தால், அது ஊரின் கையில் இருக்கும் சான்று.

எனக்கு வேறு ஒரு கவலை உண்டு. இராமநாதபுரம் பக்கத்துப் பறவைக் கண்மாய்களில் நாரைகளும் கொக்குகளும் சீமைக்கருவேலத்திலும் கூடு கட்டுகின்றன. செடியின் பெயரை மட்டும் குறிக்கும் வரைபடம் அந்த மரத்தை முதல் ஆண்டே வெட்டச் சொல்லும். கூடு உள்ள மரம் என்று குறித்தால், அருகில் நாட்டுக் கருவேலம் வளர்ந்து பறவைகள் இடம் மாறும் வரை காத்திருக்கலாம். அதே சமயம், எறும்புத்தின்னி வளையோ தேவாங்கு இருக்கும் மரமோ பொதுவெளி வரைபடத்தில் ஒருபோதும் புள்ளியாக வரக் கூடாது. வேட்டைக்காரருக்கு வழி சொல்லும் வேலையை நாம் செய்துவிடக் கூடாது.

ஓய்வுபெற்ற வனவர்:

மாணவர் தம்பி சொன்னபடி ரோந்தோடு சேர்த்துப் பதிவு செய்வதானால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. மறுபாதி அப்படியே இருக்கிறது. ஒரு காவலருக்கு ஏற்கெனவே தீத்தடுப்பு, வேட்டைத் தடுப்பு, ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறும் கூட்டத்தைக் காப்பது என்று எத்தனையோ பணிகள். அவர் தலையில் இதையும் ஏற்றினால், மரத்தடியில் உட்கார்ந்து மூன்று நிலைகளில் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுப் போவார். தவறான பதிவு பதிவே இல்லாததைவிடக் கெடுதல் செய்யும்.

எனவே என் நிபந்தனை: செடியைப் பிடுங்கும் ஆளே பதிவும் செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கூலி வேண்டும். மலையில் வாழும் பளியர்களைவிட அந்த ஓடைகளை அறிந்தவர் இல்லை. வேரறுக்கும் வேலைக்கு அவர்களை வெறும் கூலிகளாக அழைத்துவிட்டு, எங்கே வெட்டுவது என்பதை மதுரையில் கணினி முன் முடிவு செய்வது எனக்கு உடன்பாடில்லை.

வைகைத்தலை:

ஐயா, அந்த நிபந்தனையை முழு மனதோடு ஏற்கிறேன். காப்பகத்துக்குள் வனத்துறையின் அனுமதியின்றி எவரும் ஆய்வு செய்ய முடியாது என்பதால், என் மாணவர்களை அங்கே அனுப்பும் எண்ணமும் எனக்கு இல்லை. உள்ளே பளியர்களும் காவலரும் பதிவு செய்யட்டும். காப்பகத்துக்கு வெளியே, வருவாய் நிலங்களிலும் கண்மாய்களிலும், ஊராரோடு சேர்ந்து எங்களால் செய்ய முடிந்ததைச் செய்கிறோம். கூடு, வளை பற்றிய விவரங்கள் பொதுப் படத்தில் வராதபடி கட்டங்களைப் பெரிதாக வைக்கலாம்.

எங்கே தொடங்குவது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாப்டூர் ஓடைக்கரைகளில் மருதும் நாவலும் கிளையோடு கிளை கோத்து நிற்கும் இடங்களே சாம்பல் நிற அணிலின் வழித்தடம். 1988இல் அந்த மலைகளில் சரணாலயம் அமைந்ததே அந்த அணிலுக்காகத்தான். அங்கே உண்ணி கீழே மூடிக்கொண்டால் இன்றைய மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அடுத்த மருதங்கன்று ஒளியின்றி மடியும். முதிய மரம் சாயும் நாளில் அந்த இடத்தை நிரப்ப மரம் இருக்காது. முதல் கட்டங்கள் அந்த ஓடைகளாகவே இருக்க வேண்டும். சாலையோரப் புதர் பிறகு வரட்டும்.

பேரையூர் விவசாயி:

அம்மா, ஓடைகளில் தொடங்குவதில் எங்களுக்கு மறுப்பில்லை. உண்ணி குறைந்தால் காட்டுமாடும் பன்றியும் தீவனம் தேடி எங்கள் வயலுக்கு இறங்குவது குறையும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆனால் காப்பகத்துக்கு வெளியே நீங்கள் வரையப்போகும் படத்தைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை. கரிமூட்டத்துக்கு மரம் எடுக்கும் இடம், கிடை போடும் இடம் ஆகியவற்றை அந்தப் படத்தில் யார் குறிப்பது, அதை அதிகாரிகளிடம் கொடுக்கும் முன் கிராம சபையில் விரித்துக் காட்டுவீர்களா என்பதை எழுதுங்கள். அதன்பின் எங்கள் ஊரில் பேசிவிட்டு வருகிறேன்.

வைகைத்தலை:

விரித்துக் காட்டுவோம். அந்த இடங்களை ஊராரே குறிக்கட்டும். குறிக்க வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தால் அவை படத்தில் இடம்பெறா. வெளிப் படத்தின் முதல் பிரதி கிராம சபைக்கு, அடுத்தது வனச்சரக அலுவலகத்துக்கு. கோடை இலையுதிர்வுக்கு முன் உங்கள் ஊரில் பேசி முடித்தால், பங்குனிப் படங்களைத் தம்பி எடுத்துத் தருவார். சித்திரையில் ஒவ்வொரு கண்மாயாக நடந்து நாட்டுக் கருவேலத்தைப் பிரித்துக் குறித்துவிடலாம்.