ஏசி-டி கீமோவா, டிசி கீமோவா? சர்க்கரை நோயும் கால் மரத்துப்போதலும் இருப்பவருக்கு எது பொருந்தும்?

செண்பகம்

வணக்கம். அக்காவுக்கு வயது 48, மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. இடது மார்பில் 2.6 செ.மீ. புற்றுநோய்க் கட்டி. அறுவை முடிந்து நான்கு வாரம் ஆகிறது. அக்குளில் எடுத்த 14 நெறிக்கட்டிகளில் இரண்டில் நோய் இருந்தது. ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்) இரண்டும் பாசிட்டிவ், ஹெர்-2 என்ற புரதம் நெகட்டிவ், கிரேடு 3, கேஐ-67 (செல் பிரியும் வேகம்) 30%. எக்கோவில் இஎஃப் (இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன்) 60%. எட்டு ஆண்டாகச் சர்க்கரை நோய் உண்டு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.1. இரவில் பாதம் லேசாக மரத்து ஊசி குத்துவதுபோல் இருக்கும்.

டாக்டர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். ஒன்று ஏசி-டி, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு ஏசி, பிறகு வாராவாரம் 12 பக்லிடாக்சல். இன்னொன்று, மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிசி. எதுவென்று அடுத்த வாரம் சொல்ல வேண்டும். பலனில் எவ்வளவு வித்தியாசம்? பக்கவிளைவில் எதற்குப் பயப்பட வேண்டும், எதைச் சமாளித்துவிடலாம்?

கணியன்

கீமோ தேவையா என்பதில் இங்கே குழப்பம் இல்லை. மாதவிடாய் நிற்காத வயது, நெறிக்கட்டியில் நோய், கிரேடு 3. மூன்றும் ஒரே பக்கம்தான் காட்டுகின்றன. எந்த மருந்து என்பதை மட்டும் பார்ப்போம்.

ஏசி என்பது உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு டாக்ஸோருபிசின் 60 மி.கி., சைக்ளோபாஸ்பமைடு 600 மி.கி. அதற்குப் பிறகு வரும் வாராந்தர பக்லிடாக்சல் 80 மி.கி. மொத்தம் 20 வாரம். டிசி என்றால் டோசிடாக்சல் 75 மி.கி., அதே சைக்ளோபாஸ்பமைடு 600 மி.கி. நான்கு சைக்கிள் என்றால் 12 வாரம், ஆறு என்றால் 18 வாரம். உங்கள் டாக்டர் சொன்னது நான்கா, ஆறா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் ஒப்பீடு ஆறு சைக்கிளுக்குத்தான்.

"டிசி ஏசியை வென்றுவிட்டது" என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது யுஎஸ் ஆன்காலஜி 9735 ஆய்வு. ஏழு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் டிசியில் 81%, ஏசியில் 75%. ஆனால் அங்கே ஏசி தனியாக, பின்னால் பக்லிடாக்சல் இல்லாமல் கொடுக்கப்பட்டது. உங்கள் அக்காவுக்குச் சொல்லியிருப்பது அது இல்லை. ஏசி வகை மருந்தோடு டாக்சேனும் (பக்லிடாக்சல், டோசிடாக்சல் வகை மருந்து) சேர்ந்ததை ஆறு டிசியோடு ஒப்பிட்டவை ஏபிசி ஆய்வுகள். அங்கே நான்கு ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் டிசியில் 88.2%, மற்றதில் 90.7%. ஹார்மோன் பாசிட்டிவ், ஒன்று முதல் மூன்று நெறிக்கட்டி என்ற பிரிவை மட்டும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் சுமார் 2 சதவீதம். ஹார்மோன் நெகட்டிவாக, நெறிக்கட்டியிலும் நோய் இருந்தவர்களிடம்தான் இடைவெளி பெரிதாகத் தெரிந்தது. ஜெர்மனியில் நடந்த பிளான்-பி ஆய்வில் ஆறு டிசிக்கும் மற்றதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆக, ஏசி-டிக்குச் சிறிய சாதகம் உண்டு. டிசியைத் தேர்ந்தால் அக்காவுக்குப் பாதி சிகிச்சைதான் கிடைத்தது என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

இதயம்: டாக்ஸோருபிசினின் ஆபத்து மொத்த அளவைப் பொறுத்தது. நான்கு டோஸ் சேர்த்து சதுர மீட்டருக்கு 240 மி.கி. வருகிறது. 400-ஐத் தொடும்போது இதயம் பலவீனமாவது சுமார் 5 சதவீதம் பேருக்கு, 550-இல் 26 சதவீதம் பேருக்கு. 240 பாதுகாப்பான பக்கத்தில்தான் இருக்கிறது, இஎஃப் 60 நல்ல எண். என்றாலும் இடது மார்பு, சர்க்கரை, அடுத்து வரப்போகும் கதிர்வீச்சு மூன்றும் சேர்கின்றன. ரத்த அழுத்தமும் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கதிர்வீச்சின்போது மூச்சை இழுத்துப் பிடித்து இதயத்தை விலக்கும் முறை அங்கே உண்டா என்றும் இப்போதே கேட்டு வையுங்கள். ஏசிக்குப் பின் பல ஆண்டு கழித்து ரத்தப் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு, அது 1 சதவீதத்துக்கும் குறைவு.

நரம்பு: என் கவலை இங்கேதான். பாதம் ஏற்கெனவே மரத்திருக்கிறது. 12 வாரம் பக்லிடாக்சல் என்றால் சதுர மீட்டருக்கு மொத்தம் 960 மி.கி. நரம்பைத் தாக்குவதில் டோசிடாக்சலைவிட இது மோசம். அதனால் டாக்டரிடம் மூன்றாவது வழி ஒன்றையும் கேளுங்கள்: நான்கு ஏசி, பிறகு வாராந்தர பக்லிடாக்சலுக்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை டோசிடாக்சல் நான்கு. இதுவும் பெரிய ஆய்வில் சோதிக்கப்பட்ட முறைதான்.

டேகேர் சிஸ்டர்

கணியன் சொன்ன கணக்கெல்லாம் சரி. கீமோ அறையில என்ன நடக்கும், எங்க தப்பும்னு நான் சொல்றேன்.

ஏசியில சிவப்பா வர்றதுதான் டாக்ஸோருபிசின். ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிஞ்சா தோலும் தசையும் வெந்துபோகும். இடது அக்குள்ல கட்டி எடுத்திருக்கறதால ஊசி வலது கையில மட்டும்தான். முழங்கை மடிப்பு வேண்டாம், புறங்கை வேண்டாம், முன்கை நல்லது. ரத்தக்குழாய் கிடைக்கலைன்னு ரெண்டு மூணு தடவை குத்தற கையா இருந்தா முதல் டோஸுக்கு முன்னாடியே கீமோ போர்ட் (தோலுக்கடியில வச்சு மருந்து ஏத்தற சின்னக் கருவி) பத்திப் பேசிடுங்க. மருந்து ஏறும்போது எரிச்சல், இறுக்கம், வீக்கம் லேசா இருந்தாலும் உடனே சொல்லணும். "கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கலாம்"னு இருக்கவே கூடாது. கசிஞ்சா போடற மாற்று மருந்து டெக்ஸ்ராசாக்சேனை ஆறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். அன்னைக்கும் மறுநாளும் சிறுநீர் சிவப்பா போகும், அது மருந்தோட நிறம், ரத்தம் இல்ல. ஆனா மூணாவது நாளும் சிவப்பா இருந்தா, இல்ல எரிச்சலோட போனா, அது சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கினதா இருக்கலாம். அதனாலதான் கீமோவைக் காலையில போட்டுட்டு நாள் முழுக்கத் தண்ணி குடிக்கச் சொல்றது. மருந்து ராத்திரி பூரா பையில தங்கக் கூடாது.

வாந்திக்கு ஏசி பேர்போனது. முன்னாடியே நாலு மருந்து சேர்த்துக் கொடுக்கணும்: அப்ரெபிடன்ட், பலோனோசெட்ரான் அல்லது ஆன்டன்செட்ரான், டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு, ராத்திரி ஓலான்சபைன். ஓலான்சபைன் மனநல மருந்துன்னு இன்டர்நெட்ல பார்த்துட்டுப் பாதிப் பேர் வீட்ல நிறுத்திடறாங்க. ராத்திரி 5 மி.கி., நாலு நாள் மட்டும், அவ்வளவுதான். மறுநாள் தூக்கமா இருக்கும். அதை நிறுத்தினா ரெண்டாம் நாள், மூணாம் நாள் குமட்டல் கட்டுக்கடங்காம போகும்.

பக்லிடாக்சல்லயும் டோசிடாக்சல்லயும் ஒவ்வாமை வந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு தடவையில, அதுவும் ஏற ஆரம்பிச்ச முதல் பத்து நிமிஷத்துல வரும். முகம் சிவக்கும், நெஞ்சு இறுகும், முதுகு வலிக்கும். அந்தப் பத்து நிமிஷம் போனைப் பார்க்காம உடம்பைக் கவனிக்கச் சொல்லுங்க.

காய்ச்சல்தான் பெரிய விஷயம். கீமோ போட்ட 7-லிருந்து 14-வது நாளுக்குள்ள வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும். வீட்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கணும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டிச்சா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரி. முதல்ல ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்க்கறது ரொம்பத் தப்பு. காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. ரத்த ரிப்போர்ட்ல மொத்த வெள்ளையணுவை மட்டும் பார்க்காதீங்க. 2,400-னு இருந்து அதுல நியூட்ரோபில் (கிருமியோட சண்டை போடற வெள்ளையணு) 38 சதவீதம்னா உண்மையான எண் 912. அது 500-க்குக் கீழ போனா ஆபத்து.

ரெண்டு வார ஏசிக்கு வெள்ளையணுவைக் கூட்டற பெக்பில்கிராஸ்டிம் 6 மி.கி. ஊசி கட்டாயம். டிசிக்கும் காய்ச்சல் வர்ற வாய்ப்பு நிறைய இருக்கறதால அதே ஊசியைப் போட்டுக்கறது நல்லது. கீமோ முடிஞ்சு 24 மணி நேரம் கழிச்சுத்தான் போடணும். முன்னாடியே போட்டா புதுசா பிரியற அணுக்களையும் கீமோ மருந்து கொன்னுடும். அடுத்த ரெண்டு மூணு நாள் இடுப்பு எலும்பு, முதுகு விண்விண்ணுனு தெறிக்கும். லோராடடின்ங்கற அலர்ஜி மாத்திரை சிலருக்கு நல்லா கேக்குது, டாக்டரைக் கேட்டுக்கோங்க.

முடி: ரெண்டு வழியிலயும் கொட்டும். முதல் டோஸுக்கப்புறம் ரெண்டு மூணு வாரத்துல ஆரம்பிக்கும். குளிர்தொப்பி டிசிக்கு ஓரளவு கைகொடுக்கும், ஏசிக்கு அவ்வளவு இல்ல. டோசிடாக்சல் போட்டவங்கள்ல சிலருக்கு முடி முன்ன மாதிரி அடர்த்தியா திரும்பறதில்ல. அரிதுதான், ஆனா முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். நகம் கறுக்கறது, கண்ணுல தண்ணி வடியறதும் டோசிடாக்சல்லதான் அதிகம். கண்ணீர் விடாம வடிஞ்சா கண் டாக்டர்கிட்ட சீக்கிரம் போங்க, கண்ணீர்க்குழாய் அடைச்சுக்கிட்டா அப்புறம் கஷ்டம்.

இளமாறன்

கணியனோடு ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். டோசிடாக்சலுக்கு மாற்றினால் நரம்பு தப்பும், ஆனால் சர்க்கரை மாட்டிக்கொள்ளும்.

டோசிடாக்சலுக்கு முந்தைய நாள் தொடங்கி மூன்று நாள், தினம் இருவேளை 8 மி.கி. டெக்ஸாமெத்தசோன் விழுங்க வேண்டும். உடம்பில் நீர் கோர்ப்பதையும் ஒவ்வாமையையும் தடுக்கத்தான் அது, விட்டுவிட முடியாது. ஒரு சைக்கிளுக்கு 48 மி.கி. ஆகிறது. எச்பிஏ1சி 8.1 இருப்பவருக்கு இந்த மூன்று நாளும் சர்க்கரை எங்கேயோ போகும். வாராந்தர பக்லிடாக்சலில் முதல் இரண்டு தடவை ஒவ்வாமை இல்லையென்றால் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவே பல இடங்களில் செய்கிறார்கள். இன்னொரு வசதி: வாராந்தர மருந்தை எட்டாவது, ஒன்பதாவது டோஸில் மரத்துப்போதல் ஏறினால் நிறுத்திவிடலாம். மூன்று வார டோஸ் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும், திரும்ப எடுக்க வழியில்லை.

எந்த வழி ஆனாலும் முதல் டோஸுக்கு முன்பே சர்க்கரை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வீட்டில் பலர் தவறவிடுவது இது: காலையில் டெக்ஸாமெத்தசோன் போட்டால் வெறும் வயிற்றுச் சர்க்கரை பெரும்பாலும் சரியாகவே காட்டும், மதியத்துக்கு மேல்தான் ஏறும். காலையில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு "140தான், நன்றாக இருக்கிறது" என்று விட்டால் மாலையில் 350 ஓடுவது தெரியவே தெரியாது. ஸ்டீராய்டு நாட்களில் மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவு உணவுக்கு முன்பும் பாருங்கள். அந்த நாட்களுக்கு மட்டும் இன்சுலின் தேவைப்படலாம். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுத்தால் வாந்தி, சாப்பிட முடியாத நாட்களில் அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை உணவு சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை விழும்.

ஏசி நாட்களிலும் வாந்திக்காக டெக்ஸாமெத்தசோன் வரும். நான்கு மருந்தும் சேர்த்துக் கொடுப்பதால் அதை முதல் நாளோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும்.

செண்பகம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நான் கேட்காததையும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு சந்தேகம். உறைந்த கையுறை போட்டால் மரத்துப்போதல் தடுக்கலாம் என்று படித்தேன், உண்மையா? நரம்புக்கு ஏதாவது விட்டமின், அசிடைல் கார்னிடைன் மாதிரி முன்கூட்டியே ஆரம்பிக்கலாமா?

கணியன்

இளமாறன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஸ்டீராய்டுச் சுமையை நான் கணக்கில் சரியாக எடைபோடவில்லை. சர்க்கரையை இரண்டு வாரத்தில் ஓரளவு பிடித்துவிட முடியுமா என்பதை வைத்து டாக்டர் முடிவெடுக்கலாம்.

அசிடைல் கார்னிடைன் வேண்டவே வேண்டாம். டாக்சேன் வகை மருந்து எடுத்த பெண்களிடம் செய்த ஆய்வில் அது நரம்புப் பாதிப்பைக் கூட்டியது. பி12 குறைவாக இருந்தால் மட்டும் அதைச் சரிசெய்யுங்கள். மெட்ஃபார்மின் பல ஆண்டு எடுத்தவர்களிடம் பி12 குறைவது சகஜம், ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

குளிர் கையுறை, காலுறைக்குப் பலன் உண்டு. மருந்து ஏறுவதற்கு 15 நிமிடம் முன்பு தொடங்கி, முடிந்து 15 நிமிடம் வரை போட வேண்டும். ஆனால் ஏற்கெனவே உணர்ச்சி குறைந்த பாதத்தில் குளிர் கடித்துப் புண்ணானாலும் தெரியாது. அவருக்கு அழுத்த முறை பொருத்தம்: ஒரு அளவு சிறிய அறுவைக் கையுறையை இரண்டு அடுக்காகப் போடுவது, காலுக்கு அழுத்தக் காலுறை. கால் ரத்த ஓட்டத்தை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இடது கையில் வீக்கம் இருந்தால் அதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டேகேர் சிஸ்டர்

ஒவ்வொரு வாரமும் மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி அக்காவை மூணு விஷயம் கேளுங்க. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியுதா? தரையில கிடக்கற காசை எடுக்க முடியுதா? செருப்பு கழண்டது தெரியுதா? ஒண்ணு முடியலைன்னாலும் அன்னைக்கு மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லுங்க. "நிறுத்திடுவாங்களோ"னு பயந்து நிறைய பேர் மறைச்சுடறாங்க. டோஸைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளலாம், நிறைய வழி இருக்கு. தினமும் பாதத்தை அடிப்பக்கம் திருப்பிப் பார்க்கறது, வீட்டுக்குள்ளயும் செருப்பு, ரெண்டும் விடாதீங்க. கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பல் டாக்டர், ஹெபடைடிஸ் பி டெஸ்ட் ரெண்டும் முடிச்சுடுங்க. பழைய ஹெபடைடிஸ் பி உள்ளே தூங்கிட்டு இருந்தா கீமோ அதை எழுப்பிவிட்டுடும்.

இளமாறன்

பின்னால் தேவைப்படும் ஒன்று. நரம்பு வலி தாங்க முடியாமல் போனால் டுலோக்செடின் கொடுப்பார்கள், அது உதவும். ஆனால் கீமோ முடிந்தபின் அக்காவுக்கு டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை தொடங்கினால், அது வேலைசெய்யும் வடிவத்துக்கு மாறுவதை டுலோக்செடின் குறைக்கும். அந்த நேரத்தில் இரண்டு மாத்திரையின் பெயரையும் ஒரே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். டமாக்சிஃபெனுக்குப் பதில் சினைப்பையை அடக்கும் ஊசியோடு லெட்ரோசோல் வகை ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது. டமாக்சிஃபெனைக் கீமோவோடு சேர்த்துத் தொடங்குவதில்லை, ரத்தக் கட்டி ஆபத்து கூடும். கடைசி டோஸ் முடிந்த பிறகுதான்.