எம்பிபிஎஸ் மூணாம் வருஷம்: கார்டு பாக்கி 48,000, மாசச் செலவு – எப்படிச் சமாளிக்கிறது?

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை_மாணவன்

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். பாலக்காடு பக்கம் எம்பிபிஎஸ் படிக்கிறேன், ஹாஸ்டலில் இருக்கேன். அம்மா என் பேரில் போட்ட 60,000 ரூபாய் எஃப்டியை (நிரந்தர வைப்பு) ஜாமீனா வெச்சு வங்கி ஒரு கிரெடிட் கார்டு கொடுத்திருக்கு, லிமிட் 54,000. ஆன்லைன் கோச்சிங் சந்தா, லேப்டாப் ரிப்பேர், பரீட்சைக் கட்டணம் எல்லாம் அதில் போட்டு இப்போ பாக்கி 48,000. வட்டி மாசம் 3.5 சதவீதம். மினிமம் டியூ (மாசம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) 2,400 மட்டும் கட்டிட்டு வர்றேன். வீட்டிலிருந்து மாசம் 9,000 வருது. மெஸ் 4,200 போக மிச்சத்தில்தான் பஸ், போன், பிரிண்ட், டீ எல்லாம்.

இஎம்ஐயா மாத்தலாமா? கல்விக் கடனில் ஏதாவது வழி இருக்கா? எஃப்டியை உடைக்க மனசில்லை.

பதில் 1: வாளையாறு_கணக்கு

தம்பி, மத்ததுக்கு முன்னாடி அந்த 2,400 எங்கே போகுதுன்னு பாருங்க. 48,000க்கு 3.5 சதவீதம் 1,680 ரூபாய். வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 302. ஆக 1,982 போயிடுது. அசலில் குறையறது 418 ரூபாய்தான். அதே மாசம் கார்டில் 500 ரூபாய்க்கு ஏதாவது வாங்கினாலே பாக்கி ஏறிடும்.

இன்னொண்ணு பல பேருக்குத் தெரியறதில்லை. பாக்கி வெச்சா 'வட்டியில்லாக் காலம்' போயிடும். வட்டி கடைசித் தேதியிலிருந்து இல்லைங்க, பொருள் வாங்கின தேதியிலிருந்து ஓடும். பில் தேதி 5, கட்டக் கடைசி நாள் 25ன்னு வெச்சுக்கலாம். ஜூன் 10ஆம் தேதி 20,000க்கு வாங்கி, ஜூலை 25இல் 1,000 மட்டும் கட்டினா, ஆகஸ்ட் 5 பில்லில் மீதி 19,000க்கு 56 நாள் வட்டி குறைஞ்சது 1,224 வரும், ஜிஎஸ்டி 220 தனி. பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா வாங்கற டீக்கும் அன்னிக்கே வட்டி ஆரம்பிச்சிடும். அதனால இன்னிக்கே கார்டை நிறுத்துங்க. ரூபே கார்டா இருந்தா யுபிஐ ஆப்பில் இணைச்சிருப்பீங்க, அதை முதல்ல எடுத்துடுங்க. கேன்டீன், ஜெராக்ஸ் கடை, ரீசார்ஜ்னு 40, 60ஆ போறது அந்த வழியாத்தான்.

எஃப்டி விஷயத்துக்கு வர்றேன். அம்மா போட்ட பணம், மனசு வராதுதான். ஆனா கணக்கு இதுதான்: 6.5 சதவீதம்னு வெச்சா 60,000க்கு வருஷம் 3,900 வட்டி வரும். பாக்கி இப்படியே கிடந்தா ஜிஎஸ்டியோட சேர்த்து வருஷம் 23,700க்கு மேல போகும். 3,900ஐக் காப்பாத்த 23,700 கொடுக்கிறீங்க. தொடர்ந்து கட்டாம விட்டா வங்கியே அந்த எஃப்டியில்தான் கை வைக்கும், சிபில்ல (கடன் கட்டின வரலாற்றுப் பதிவு) கறையும் விழும். நீங்களே உடைச்சா கறை இல்லை. முன்கூட்டி எடுத்தா பெரும்பாலும் அரை முதல் 1 சதவீதம் வரை வட்டியில் பிடிப்பாங்க, அவ்வளவுதான்.

செய்யற வரிசை முக்கியம். கார்டில் ஆட்டோ டெபிட் ஏதாவது இருந்தா (கோச்சிங் சந்தா, பாட்டு ஆப், கிளவுட்) எல்லாத்தையும் ரத்து பண்ணுங்க. பில்லில் ஏறாத செலவையும் சேர்த்து 'இன்னிக்கு மொத்தமா முடிக்க எவ்வளவு'ன்னு வங்கியிடம் எழுத்தில் கேளுங்க. அப்புறம் கிளையில் ஒரே கடிதம்: எஃப்டியை முன்கூட்டி முடித்து, கார்டு பாக்கியில் சரிக்கட்டி, மீதியைச் சேமிப்புக் கணக்கில் போடவும், கார்டை மூடவும். எஃப்டி மேல லியன் (கார்டுக்காக வங்கி வெச்சிருக்கிற பிடி) இருக்கிறதால ஆப்பில் உடைக்க முடியாது, கிளைக்குப் போகணும்.

பல பேர் தடுக்கி விழறது இதுக்கப்புறம்தான். கடைசி பில் தேதிக்கும் பணம் கட்டின தேதிக்கும் நடுவில் ஓடின வட்டி அடுத்த பில்லில் தனியா வரும், சில நூறு ரூபாய். 'அதான் முடிச்சாச்சே'ன்னு விட்டா அதுவே தாமதக் கட்டணம், சிபில்ல நிலுவைன்னு வளர்ந்து நிக்கும். அடுத்த பில்லையும் பார்த்து பைசா பாக்கியில்லாம கட்டுங்க. நோ டியூ (பாக்கி இல்லை) சான்றிதழ் வாங்கி மெயிலில் வெச்சுக்கங்க.

பதில் 2: கிளை_மேசை

வங்கிக் கல்விக் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். மேலே சொன்னது சரி. கல்விக் கடன் பக்கம் மட்டும் நான் சேர்க்கிறேன்.

கார்டு பாக்கியை அடைக்கன்னு கல்விக் கடன் தர மாட்டாங்க. ஆனா ஹாஸ்டல், மெஸ், பரீட்சைக் கட்டணம், புத்தகம், கருவிகள், படிப்புக்குத் தேவையான லேப்டாப் எல்லாம் கல்விக் கடனில் அடங்கும் செலவுகள்தான். ஏற்கெனவே கடன் இருக்குன்னா சாங்ஷன் (கடன் அனுமதி) கடிதத்தை எடுத்துப் படிங்க. டியூஷன் கட்டணத்தை மட்டும் வருஷாவருஷம் வாங்கிட்டு, ஹாஸ்டலுக்கு ஒதுக்கினதை எடுக்காமலே விட்டிருப்பாங்க, நிறைய வீட்டில் இப்படித்தான். கைக்காசில் கட்டின ஹாஸ்டல், மெஸ் ரசீதைக் காட்டி அந்தத் தொகையைத் திரும்ப வாங்கலாம். ரசீது கல்லூரி பேரில், தேதி போட்டு, அதே கல்வியாண்டுக்குள்ள இருக்கணும். மெஸ் செயலாளர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது செல்லாது, கல்லூரி அலுவலக முத்திரை வேணும். ஒதுக்கீடே இல்லைன்னா அதே கிளையில் டாப்-அப் (இருக்கிற கடனுக்கு மேல கூடுதல் கடன்) கேளுங்க.

7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாம அரசு கடன் உத்தரவாத நிதியின் கீழ் கொடுக்கலாம், பெற்றோர் கூட்டுக் கடன்தாரரா கையெழுத்துப் போடணும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, வட்டி மட்டும் ஏறிட்டே வரும். டாப்-அப் கேட்கிறப்போ சிபில் பார்ப்போம். மினிமம் டியூ தவறாம கட்டியிருந்தா அதில் கட்டத் தவறின பாக்கின்னு வராது, ஆனா லிமிட்டில் பத்தில் ஒன்பது பங்கு எப்பவும் நிரம்பியிருந்தா ஸ்கோர் இறங்கும். அதனால கார்டை முடிச்சிட்டு அப்புறம் டாப்-அப்புக்கு வாங்க.

பதில் 3: சித்தூர்_அக்கா

எஃப்டி இல்லாதவங்களும் இந்த இழையைப் படிப்பாங்க, அவங்களுக்காகச் சொல்றேன். சித்தூர், பொள்ளாச்சிப் பக்கம் வீட்டில் கொஞ்சம் நகை இருந்தா வங்கி நகைக்கடன்தான் அடுத்த நல்ல வழி. ஏறக்குறைய 9.5 சதவீதம்னா 48,000க்கு வருஷ வட்டி 4,560. தனியார் நகைக்கடன் கம்பெனிகளில் 20 சதவீதத்துக்கு மேலயும் போகும், வட்டி விகிதம் சீட்டில் எழுதியிருக்கான்னு பாருங்க. 12 மாசத்தில் மீட்கணும், இல்லை வட்டி கட்டிப் புதுப்பிக்கணும். விட்டா ஏலம்.

அதுவும் இல்லைன்னா இஎம்ஐ. வருஷம் 16 சதவீதத்தில் 12 மாசம்னா மாசம் 4,355, மொத்த வட்டி 4,260, அதுக்கு ஜிஎஸ்டி 770 கிட்ட, பிராசஸிங் கட்டணம் தனி. அதையே இஎம்ஐ ஆக்காம மாசம் 4,500 கட்டிட்டு வந்தா முடிய ஏறக்குறைய 15 மாசம் ஆகும், மொத்தம் 64,000க்கு மேல போயிடும். ஆனா தம்பி கையில் மாசம் 4,355 இல்லை. ஒரு தவணை தவறினா மறுபடி பழைய வட்டிதான். கட்ட முடியாத இஎம்ஐயை எடுக்காதீங்க.

கடையில் கார்டைத் தேய்ச்சு காசு வாங்கி இன்னொரு கார்டைக் கட்டறது, வாட்ஸாப்பில் வர்ற லோன் ஆப் ரெண்டையும் தொடவே வேண்டாம். தேய்க்க 2, 3 சதவீதம் கமிஷன் ஒவ்வொரு மாசமும் போகும், கார்டு விதிக்கும் அது விரோதம். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டு எடுத்தாலும் அன்னிக்கே வட்டி, கட்டணம் வேற.

செலவுப் பக்கம்: எஃப்டியை உடைச்சு முடிச்சதும் அந்த 2,400 மிச்சமாகும். அதைக் கண்ணில் படற கணக்கில் வைக்காதீங்க, மாசம் 1,500 ஆர்டியில் (மாசாமாசம் கட்டற வைப்பு) போடுங்க. அடுத்த பரீட்சைக் கட்டணமும் சந்தாவும் அதிலிருந்து வரட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற இந்த மாதிரிச் செலவுதான் மெடிக்கல் மாணவரைக் கார்டுக்குத் தள்ளுது. தினச் சாப்பாட்டால இல்லை. எலும்பு செட், ஸ்டெதஸ்கோப், முந்தைய பதிப்புப் புத்தகம் சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும், முடிச்சதும் அதே விலைக்கு ஜூனியருக்கு விக்கலாம். ஊருக்குப் போறப்போ மெஸ் கட் (சாப்பிடாத நாளுக்குக் கழிவு) எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்னு உங்க மெஸ் விதியில் இருக்கும். தனியார் பஸ்ஸில் மாணவர் கன்செஷன் கார்டு வாங்குங்க. கோவை போக ஷொர்ணூர் மெமு ரயில் இருக்கிறப்போ பஸ் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_மாணவன்:

ரொம்ப நன்றிங்க. அம்மாகிட்ட பேசிட்டேன், உடைச்சிடலாம்னு சொல்லிட்டாங்க. ஒரே சந்தேகம்: கிளையில் 'கார்டு பிரிவுக்குப் பேசு'ன்னும், கார்டு பிரிவில் 'கிளைக்குப் போ'ன்னும் சொன்னா?

வாளையாறு_கணக்கு:

நடக்கும், அதனால கடிதத்தை ரெண்டு பிரதி எடுத்து ஒண்ணில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கங்க. அதே நாள் கார்டு பிரிவுக்கு மெயிலும் போடுங்க. பாக்கி பூஜ்யம் ஆனபிறகு கார்டை மூடச் சொன்னா 7 வேலை நாளுக்குள்ள மூடணும், தாண்டினா நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரணும், ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதி. வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் புகார் தளத்தில் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) புகார் போடலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. முத்திரை போட்ட பிரதியை ஸ்கேன் பண்ணி அதோட இணைச்சிடுங்க.