மஸில்லோடர்ல 200 யார்டுக்கு மேல புல்லட் விரியுமா, எப்படி டெஸ்ட் பண்றது?

ஒஹாயோ_முருகன்:
வணக்கம் மக்களே. இங்க அமெரிக்கால ஒஹாயோல ஜனவரி மஸில்லோடர் (மருந்தையும் குண்டையும் பேரல் வாய் வழியா திணிக்கிற துப்பாக்கி) வேட்டை சீசனுக்காக ஒரு .50 காலிபர் இன்லைன் (நவீன மாடல் மஸில்லோடர்) வாங்கி வச்சிருக்கேன். ட்விஸ்ட் (பேரல் உள்ள புல்லட்டை சுழல வைக்கிற வரி) 28 இஞ்சுக்கு ஒரு சுத்து, புல்லட் 250 கிரெயின் எடை எஸ்எஸ்டி, அதை சுத்தி சாபாட்ங்கிற பிளாஸ்டிக் உறை, மருந்து ப்ளாக்ஹார்ன் 209, எடையா இல்லாம அளவுக் குப்பில (வால்யூம்ல) 100 கிரெயின். 100 யார்டுல மூணு குண்டும் ஒன்றரை இஞ்சுக்குள்ள விழுது, அதுல குறை இல்ல. இப்ப பிரச்சனை என்னன்னா நான் உக்கார்ற இடம் சோளக்காட்டு ஓரம், அறுவடை முடிஞ்சா 250 யார்டு வரைக்கும் மொட்டையா தெரியும், அங்க ஒரு மான் வந்து நின்னா சுடலாமா கூடாதான்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கணும். பேப்பர்ல ஓட்டை விழுறது தெரியுது, ஆனா அவ்ளோ தூரம் போய் வேகம் செத்த புல்லட் மானுக்குள்ள போய் முனை பூ மாதிரி விரியுமா, இல்ல ஊசி குத்தின மாதிரி துளைச்சிட்டு போயிருமா? இத வீட்டு லெவல்ல டெஸ்ட் பண்ண வழி இருக்கா?

டெக்சாஸ்_தாமு:
ப்ரோ நேரா சொல்றேன், கிட்ட போய் சுடுங்க. 150க்குள்ள வச்சா இந்த கேள்வியே வராது.

கரிமருந்து_செல்வா:
தாமு சொல்றது சரிதான், இருந்தாலும் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லலாம்ல. முருகன், முதல்ல தூரத்தை மறந்துட்டு வேகத்தை பிடிங்க. புல்லட்டுக்கு யார்டு தெரியாது, மோதுற வேகம்தான் தெரியும். உங்க லோடு பேரல் வாயில 1950 அடி/செகண்ட்ன்னு வச்சுக்கிட்டா, பிசி (காத்தை கிழிச்சு வேகத்தை தக்க வைக்கிற திறனோட அளவு) 0.21 கிட்ட இருக்கிற புல்லட் 200 யார்டுல சுமார் 1400க்கு வந்துரும், 300ல 1200ஐ ஒட்டி நிக்கும். பெரும்பாலான சாபாட் புல்லட்டுக்கு விரியுற கீழ் வரம்பு 1200-1400 பக்கம்தான் இருக்கும், அதனால உங்க 250 யார்டு சரியா வரப்பு மேல நிக்குது. உங்க சந்தேகத்துல நியாயம் இருக்கு.

நிஜ வேகத்தை அளக்காம எதுவும் பேசாதீங்க. பழைய ஆப்டிகல் க்ரோனோக்ராஃப்னா (புல்லட் வேகம் அளக்கிற மெஷின்) துப்பாக்கி வாயிலேர்ந்து ஒரு 15 அடி தள்ளி வைங்க, இல்லேன்னா புகையும், புல்லட்டை விட்டு பிரியுற சாபாட் இதழும் சேர்ந்து சென்சாரை ஏமாத்தி கன்னாபின்னான்னு நம்பர் காட்டும், சில சமயம் இதழ் நேரா போய் மெஷினையே அடிச்சு உடைச்சிரும். ரேடார் டைப் இருந்தா இந்த தொல்லை இல்ல. அப்புறம் டப்பால அச்சடிச்ச பிசியை அப்படியே நம்பாதீங்க, 100ல ஜீரோ வச்சுட்டு (குறி பார்த்த இடத்துலயே குண்டு விழுற மாதிரி செட் பண்ணி) 200ல சுட்டு எவ்ளோ இறங்குதுன்னு பாருங்க (உங்க லோடுக்கு சுமார் ஒரு அடி இறங்கணும்), அது பொருந்துற வரைக்கும் கால்குலேட்டர்ல பிசியை கூட்டி குறைச்சு சரி பண்ணுங்க. அதுக்கப்புறம் அது 250க்கு சொல்ற வேகத்தை நம்பலாம்.

இப்ப விரியுற டெஸ்ட். 250ல ஒரு பால் கேலன் ஜக்கை நடுவுல அடிக்கிறது லேசு இல்ல, அதனால பல பேர் பண்றது மருந்தை குறைச்சு, 25 யார்டுல மோதுற வேகம் 250 யார்டு வேகத்துக்கு சமமா வர்ற மாதிரி செட் பண்ணி, வரிசையா தண்ணி ஜக்கு வச்சு சுடுறது. நல்ல வழிதான், ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு சுழற்சி. ஃபுல் லோடுல உங்க புல்லட் நிமிஷத்துக்கு 50,000 சுத்து சுத்திட்டு கிளம்புது, தூரம் போனா வேகம் குறையுமே தவிர அந்த சுழற்சி பெருசா குறையாது. மருந்தை குறைச்சு 1400ல அனுப்பினா 36,000தான் சுத்தும். விரியுறதுக்கு சுழற்சியும் கொஞ்சம் உதவும், அதனால குறைச்ச லோடுல விரிஞ்சா தைரியமா இருக்கலாம், லேசா தடுமாறினா உடனே புல்லட்டை குப்பைல போட வேண்டாம், நிஜ தூரத்துல ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ரெண்டாவது, தண்ணி சதையை விட ஈஸியா புல்லட்டை திறந்துரும். தண்ணிலயே திறக்காதது மான்ல திறக்கவே திறக்காது, ஆனா தண்ணில திறந்துச்சுங்கிறதுக்காக மான்லயும் திறக்கும்னு அர்த்தம் இல்ல.

டெக்சாஸ்_தாமு:
செல்வா அண்ணா, மருந்து குறைக்கிறேன்னு சொன்னீங்களே, ராம்ராட் (குண்டை உள்ள திணிக்கிற கம்பி) மார்க்கை பத்தி சொல்லலியே! முருகன் கவனம். 100 கிரெயினுக்கு ராம்ராட்ல போட்ட கோடு 60 கிரெயினுக்கு செல்லாது, புல்லட் இன்னும் கீழ இறங்கணும். பழைய கோடு வந்துருச்சுன்னு நிறுத்தினா மருந்துக்கும் புல்லட்டுக்கும் நடுவுல இடைவெளி விழும், பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். வேற கலர்ல புது கோடு போடுங்க. லைட் லோடுக்கு நிஜ கரிமருந்து எடுங்க, குறைச்சு போட்டாலும் ஒழுங்கா பத்திக்கும், ப்ளாக்ஹார்னுக்கு நல்ல அழுத்தம் வேணும். இன்னொண்ணு, ப்ளாக்ஹார்னை தராசுல நிறுத்தா வால்யூம் 100க்கு 70 கிரெயின்தான் வரும், தெரியாம தராசுல 100 போட்டா ஆபத்து. நவீன தோட்டால போடுற சாதா ஸ்மோக்லெஸ் பவுடர் பக்கமே போயிராதீங்க.

பழையசரக்கு:
இதெல்லாம் புதுசு இல்ல சாமி. 1857லயே இங்கிலாந்துல வைத்வொர்த்ங்கிற இன்ஜினியரோட .451 அறுகோண பேரலையும் ராணுவத்தோட .577 என்ஃபீல்டையும் பக்கத்து பக்கத்துல வச்சு டெஸ்ட் பண்ணாங்க. ரெண்டுலயும் குண்டு 530 கிரெயின் அளவுதான், ஆனா என்ஃபீல்டு 78 இஞ்சுக்கு ஒரு சுத்து, வைத்வொர்த் 20 இஞ்சுக்கு ஒரு சுத்து, குண்டும் ஒல்லியா நீளமா இருக்கும். 800 யார்டுல என்ஃபீல்டு சிதறினது வைத்வொர்த்தை விட நாலு மடங்கு, 1400ல என்ஃபீல்டு குண்டு பலகைல படவே இல்ல, எழுதுறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதே 1857ல நம்ம ஊர்ல சிப்பாய்ங்க கடிக்க மாட்டோம்னு சொன்ன தோட்டா இந்த என்ஃபீல்டுக்குத்தான்! அப்புறம் 1874ல நியூயார்க் பக்கம் க்ரீட்மோர்ல அயர்லாந்து டீம் ரிக்பி மஸில்லோடரோட வந்து, 800, 900, 1000 யார்டுல அமெரிக்காவோட பிரீச்லோடரை (பின்பக்கமா தோட்டா போடுற துப்பாக்கி) எதிர்த்து சுட்டு 934க்கு 931ன்னு வெறும் மூணு பாயிண்ட்ல தோத்தாங்க. அதுலயும் ஒரு ஐரிஷ்காரர் மாத்தி பக்கத்து டார்கெட்ல அடிச்சதுக்கு சைபர் போட்டாங்க, இல்லேன்னா கதையே வேற. ஆனா அது எல்லாம் பலகை, பலகைக்கு குண்டு விரிய வேண்டியதில்ல.

கோவை_ராஜா:
சும்மா தெரிஞ்சுக்க கேக்கறேன்ங்க, நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கில இப்படியெல்லாம் டெஸ்ட் பண்ண முடியுமாங்க?

பழையசரக்கு:
அதுக்கு லைசென்ஸ் வேணும் ராஜா, வேட்டைக்கோ 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் 1991ல அதுக்கு வந்த திருத்தமும் கதவை சாத்தியாச்சு. ஆசைய வரலாறு படிச்சு தீத்துக்கோங்க.

ஒஹாயோ_முருகன்:
எல்லாருக்கும் நன்றி. செல்வா அண்ணா, காத்து எவ்ளோ தள்ளும்? எங்க வயல்ல எப்பவும் குறுக்க அடிக்கும்.

கரிமருந்து_செல்வா:
மணிக்கு பத்து மைல் குறுக்கு காத்துக்கு 200ல பத்து இஞ்சு கிட்ட தள்ளும் தம்பி, 300ல ரெண்டு அடி. மானோட உயிர்நிலை எட்டு பத்து இஞ்சுதான், அப்ப புல்லட் விரியுமாங்கிற கேள்விக்கு முன்னாடி காத்தே உங்கள நிறுத்திரும். டெஸ்ட் பண்றப்ப ஒவ்வொரு சுடுக்கும் நடுவுல பேரலை நல்லா ஆற விடுங்க, சூடான பேரல்ல சாபாட் பிளாஸ்டிக் இளகி ஒரு குண்டு எங்கயோ போகும், நீங்க காத்து மேல பழி போடுவீங்க. மான் மேல விழப்போறது ஆறின பேரலோட முதல் குண்டு, அதனால வேற வேற நாள்ல அந்த முதல் குண்டை மட்டும் 200ல ஒரே பேப்பர்ல சேத்துட்டு வாங்க.

ஒஹாயோ_முருகன்:
சரிண்ணா. சீசனுக்கு இன்னும் நேரம் இருக்கு, பால் ஜக்கு சேக்க ஆரம்பிச்சாச்சு. பொண்டாட்டி ஏன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் தெரியல.